அப்பாவும் சைவ மைக்ராஸ்கோப்பும்

ஆபீஸில் டீ ஸ்பூன்கள் எங்கே போகின்றன? டஜன் கணக்கில் வாங்கி வைத்தாலும் தீபாவளிக்குள் நான்கு மிஞ்சினால் அதிசயம். நாமெல்லாம் யாரையாவது சந்தேகமாகப் பார்த்துவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் சர்க்கரையைக் கலக்கிக் குடித்துவிட்டுப் போய்விடுவோம். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில், பர்னெட் இன்ஸ்டிட்யூட் என்ற மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள் அப்படி விடவில்லை. 70 ஸ்பூன்களில் யாருக்கும் தெரியாமல் எண் போட்டு, டீ குடிக்கும் இடங்களில் பரப்பி வைத்து, ஐந்து மாதம் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். 56 ஸ்பூன்கள் மாயம். யுரேனியத்துக்குக் கணக்குப் போடுவதுபோல ஸ்பூனுக்கும் ‘அரை ஆயுள்’ கணக்குப் போட்டார்கள். இருப்பதில் பாதி காணாமல் போக 81 நாள். எல்லாரும் புழங்கும் பொது அறை என்றால் 42 நாள்தான். இதைத் தலைப்பு, முறை, முடிவு, விவாதம் என்று முழு ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதி அனுப்ப, பிரிட்டனின் புகழ்பெற்ற மருத்துவ இதழான பி.எம்.ஜே. 2005 டிசம்பரில் வெளியிட்டது.

அந்த இதழில் இது ஒரு வழக்கம். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இப்படிச் சில கட்டுரைகளைப் போடுவார்கள். கேள்வி விளையாட்டாக இருக்கும், கணக்கு நிஜமாக இருக்கும். எல்லாமே இணையத்தில் கிடைக்கின்றன.

நான் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். எனக்கும் அறிவியலுக்குமான உறவு ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி பிராக்டிகலோடு முடிந்துவிட்டது. ஆனாலும் இரண்டு வருடமாக இந்த மாதிரிக் கட்டுரைகளைத் தேடித்தேடிப் படிக்கிறேன். காரணம் அப்பா. அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம். இடது கையில் ஊசி ஏறியிருக்கும், அதை அசைக்கக் கூடாது. பேப்பரை விரித்துப் பிடிக்க முடியாது. சனிக்கிழமைகளில் துணைக்கு நான் போவேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, போனில் எதையாவது படித்துக் காட்டுவேன். அரசியல் செய்தி படித்தால் பிரஷர் ஏறுகிறது. தொடர்கதை என்றால் முடிவைச் சொல்லிவிடுகிறார். ஒருநாள் எதேச்சையாக இந்த ஸ்பூன் கட்டுரையைத் தமிழில் சொல்லச் சொல்ல, அவர் சிரித்த சிரிப்பில் சிஸ்டர் என்னவோ ஏதோ என்று ஓடி வந்து மெஷினைப் பார்த்தார்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மதுரையில் ஓர் அச்சகத்தில் முப்பத்திரண்டு வருடம் ப்ரூஃப் பார்த்தவர். கல்யாணப் பத்திரிகை, காலேஜ் மலர், கோயில் கும்பாபிஷேக மலர், கைடு என்று அவர் கண்ணுக்குத் தப்பி எதுவும் மெஷினுக்குப் போனதில்லை. ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் ‘நல்வரவு’ என்பதை கம்பாசிட்டர் ‘நல்லரவு’ என்று கோத்துவிட்டாராம். அரவு என்றால் பாம்பு. “சம்பந்தி வீட்டாரைப் படமெடுத்து வரவேற்றிருப்பாங்க”என்று அந்தக் கதையை இன்றைக்கும் புதிதுபோலச் சொல்வார். எதைப் படித்துக் காட்டினாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்: “இதை யாரும்மா பார்த்து அனுப்பினது?”

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் உள்ள கட்டுரை ஒன்று உண்டு. 2018-ல் அதே பி.எம்.ஜே.யில் வந்தது. விமானத்திலிருந்து குதிக்கும்போது பாராசூட் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றுகிறதா என்று சோதித்தார்கள். 23 பேர். குலுக்கல் முறையில் சிலருக்கு பாராசூட், மற்றவர்களுக்கு முதுகில் வெறும் பை. எல்லாரும் குதித்தார்கள். முடிவு: இரண்டு கோஷ்டிக்கும் வித்தியாசமே இல்லை. யாரும் சாகவில்லை, யாருக்கும் பெரிய அடியும் இல்லை. ஆக, பாராசூட்டால் பயனில்லை!

இங்கே நிறுத்தி அப்பாவைப் பார்த்தேன். கண்ணை மூடி யோசித்துவிட்டு, “ப்ளேன் தரையில நின்னுச்சா?” என்றார்.

நின்றதுதான். குதித்த சராசரி உயரம் 0.6 மீட்டர். நம் வீட்டு கட்டிலிலிருந்து இறங்குவதைவிடக் கொஞ்சம் அதிகம். அதைக் கட்டுரைக்குள் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். மேலோட்டமாக முடிவை மட்டும் படித்துவிட்டு ஓடுகிறவருக்குத்தான் தெரியாது. கட்டுரை கேலி செய்வது பாராசூட்டை அல்ல, அந்த அவசரக்காரரை. தவிர, அதில் நிஜமான ஒரு விஷயமும் இருக்கிறது. ஒரு சிகிச்சை யாருக்கு உயிர்போகும் அளவுக்குத் தேவையோ, அவர்களைப் பரிசோதனையில் சேர்க்கவே மாட்டார்கள். ஆபத்து குறைவானவர்களை மட்டும் சேர்த்துவிட்டு, ‘மருந்தால் பயனில்லை’ என்று அறிவித்தால் அந்த முடிவும் தரையில் நிற்கும் விமானம்தான்.

அடுத்த வாரம் டைஹைட்ரஜன் மோனாக்சைடு கதை. இது பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். நிறம் இல்லை, மணம் இல்லை. மூச்சில் ஏறினால் மரணம். அமில மழையின் முக்கியப் பொருள். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். புற்றுநோய்க் கட்டிகளிலும் இருக்கிறது. 1997-ல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 14 வயதுப் பையன் ஒருவன், இப்படி ஒரு தாளை 50 மாணவர்களிடம் கொடுத்து, இந்த ரசாயனத்தை என்ன செய்யலாம் என்று கேட்டான். 43 பேர் தடை செய்யச் சொன்னார்கள். 6 பேருக்குக் குழப்பம். ஒரே ஒரு ஆள் மட்டும் கண்டுபிடித்தார்: இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன். அது தண்ணீர்! ‘நாம் எவ்வளவு எளிதில் ஏமாறுகிறோம்’ என்பதுதான் அந்தப் பையனின் அறிவியல் கண்காட்சித் திட்டம். பள்ளிப் பிள்ளைகள்தானே என்று நினைத்தால், 2004-ல் கலிஃபோர்னியாவின் அலிசோ விய்யெஹோ என்ற ஊரின் நகரசபையில், இந்த ரசாயனத்தைச் சாக்காகக் காட்டி ஃபோம் கப்புகளுக்குத் தடை போடும் தீர்மானமே விவாதப் பட்டியலில் ஏறிவிட்டது. நல்லவேளை, கடைசி நேரத்தில் எடுத்துவிட்டார்கள்.

அப்பா சிரிக்கவில்லை. “எனக்கு அது நெசமாவே டேஞ்சர்தானேம்மா” என்றார்.

உண்மைதான். சிறுநீர் பிரியாத உடம்புக்குத் தண்ணீர்கூட அளவோடுதான். டாக்டர் ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்குக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை ஓர் எவர்சில்வர் டம்ளரால் அளந்து குடிக்கிறார். காபி, ரசம், மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. கூடிப்போனால் நுரையீரலில் நீர் கோக்கும், படுக்க முடியாது. எல்லா ஊரிலும் நகைச்சுவையாகிப்போன அந்த எச்சரிக்கைத் தாள், அந்த வார்டில் இருந்த பன்னிரண்டு கட்டில்காரர்களுக்கு மட்டும் அப்படியே பொருந்தியது. அதைச் சொன்னதும்தான் அவருக்கே சிரிப்பு வந்தது. பக்கத்துக் கட்டில் பெரியவரிடம் “அண்ணே, அந்த ரசாயனம் இன்னைக்கு எத்தனை டம்ளர்?” என்று விசாரிக்க ஆரம்பித்தார். இப்போது வார்டிலேயே அதற்கு அதுதான் பெயர்.

இதெல்லாம் தெரிந்தே செய்த கேலி. இந்த ரகத்துக்குப் பரிசுகூட உண்டு. ‘இக் நோபல்’ என்று 1991-ல் அமெரிக்காவில் ஆரம்பித்தார்கள். முதலில் சிரிப்பு வர வேண்டும், அப்புறம் யோசனை வர வேண்டும் என்பதுதான் நிபந்தனை. 2002-ல் கணிதத்துக்கான பரிசு நம் பக்கத்து கேரளத்துக்குப் போனது. வேளாண் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இரண்டு பேர், இந்திய யானையின் தோலின் மொத்தப் பரப்பளவைக் கண்டுபிடிக்க ஒரு சூத்திரம் எழுதியிருந்தார்கள். யானையைச் சுற்றி டேப் பிடிக்கத் தேவையில்லை. உயரமும் முன்னங்காலின் பாதச் சுற்றளவும் தெரிந்தால் போதும். படித்ததும் சிரிப்புதான் வரும். ஆனால் ஓர் உடம்பு எவ்வளவு வெப்பத்தை வெளியே விடும் என்ற கணக்குக்குத் தோலின் பரப்பளவு வேண்டும். மனிதர்களுக்கே சில மருந்துகளின் அளவை அப்படித்தான் தீர்மானிக்கிறார்கள். அப்பாவுக்கு இந்தக் கட்டுரை ரொம்பப் பிடித்துப்போனது. “பாகனைக் கேட்டிருந்தா பாதத்தை ரெண்டு சுத்து அளந்து உயரத்தையும் சொல்லியிருப்பானே” என்றார்.

பூனையையும் சொல்லிவிடுகிறேன். 1975-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஹெதரிங்டன் என்ற இயற்பியலாளர் ஒரு கட்டுரையை டைப் அடித்து முடித்துவிட்டார். தனி ஆளாக எழுதியதில் முழுக்க ‘நாங்கள்’ என்று எழுதியிருந்தார். ஒருத்தர் எழுதியதில் ‘நாங்கள்’ வரக்கூடாது, இதழில் திருப்பி அனுப்புவார்கள் என்று நண்பர் எச்சரித்தார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். முழுக்க மறுபடி டைப் அடிக்க வேண்டும். அதற்குப் பதில் தன் வீட்டுப் பூனை செஸ்டரை இரண்டாவது ஆசிரியராகச் சேர்த்துவிட்டார், எஃப்.டி.சி. வில்லர்டு என்ற கம்பீரமான பெயரில். கட்டுரை வெளியானது. இயற்பியல் சரியாக இருந்ததால் யாருக்கும் நஷ்டமில்லை. 2024-ல் இன்னொரு பூனை வந்தது. பெயர் லேரி. கட்டுரைகள் எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணிக்கையைக் காசு கொடுத்தே கூட்டிக்கொள்ளலாம் என்று காட்டுவதற்காக, இரண்டு ஆய்வாளர்கள் உளறல் கட்டுரைகளைத் தயாரித்து, ஒருவருடைய பாட்டி வீட்டுப் பூனையை 132 முறை மேற்கோள் காட்டப்பட்ட விஞ்ஞானியாக ஆக்கிக் காட்டினார்கள். செஸ்டர் சோம்பலில் பிறந்த விஞ்ஞானி. லேரி கோபத்தில் பிறந்த விஞ்ஞானி. எனக்கு செஸ்டரைத்தான் பிடிக்கும்.

தெரியாமல் நடக்கும் காமெடி வேறு ரகம். அதில் என் தொழிலுக்கும் பங்கு உண்டு. எக்செல்லில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஏதாவது எண்ணை அடித்தால் அது தானாகத் தேதியாகி உட்கார்ந்துகொள்ளும். 3/4 என்று அடித்தால் ஏப்ரல் மாதம் வந்து நிற்கும். எனக்கு இது பில் நம்பரில் வரும் தலைவலி. மரபணு விஞ்ஞானிகளுக்கு வந்தது பெரிய தலைவலி. மனித மரபணுக்களில் சிலவற்றுக்கு ‘செப்ட் 2’, ‘மார்ச் 1’ என்று சுருக்கப் பெயர். எக்செல் அவற்றை செப்டம்பர் 2, மார்ச் 1 என்று மாற்றிவிட்டது. அப்படியே இதழ்களில் வெளியாகிவிட்டது. 2016-ல் ஒரு குழு தேடிப் பார்த்ததில், எக்செல்லில் மரபணுப் பட்டியல் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்த மாதிரிப் பிழை. கடைசியில் என்ன செய்தார்கள் தெரியுமா? மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்! பெயர் வைக்கும் சர்வதேசக் குழு 2020-ல் இதற்காகவே புது விதிமுறை வெளியிட்டது. ‘மார்ச்’ மரபணுக்களுக்குப் பின்னால் ஓர் எழுத்து சேர்த்தார்கள், ‘செப்ட்’ எல்லாம் ‘செப்டின்’ ஆனது. தேதியாக மாற்றாதே என்று சொல்லும் வசதி எக்செல்லில் வந்தது 2023-ல்தான். சாஃப்ட்வேரைத் திருத்துவதைவிட மனிதனின் மரபணுவைத் திருத்துவது சுலபம் போலிருக்கிறது.

அப்புறம்தான் ‘சித்திரவதைச் சொற்கள்’ என் கண்ணில் பட்டன. 2021-ல் கியோம் கபனாக் என்ற பிரெஞ்சுக் கம்ப்யூட்டர் பேராசிரியரும் இரண்டு சகாக்களும் வைத்த பெயர் அது. விஷயம் இதுதான். சிலர் வேறொருவரின் கட்டுரையைத் திருடுகிறார்கள். திருட்டைப் பிடிக்க சாஃப்ட்வேர் இருப்பதால், ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் அதே பொருள் தரும் வேறு சொல்லைப் போடும் இன்னொரு சாஃப்ட்வேரில் கொடுத்து எடுக்கிறார்கள். அதற்குக் கலைச்சொல் எது, சாதாரணச் சொல் எது என்று தெரியாது. ‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பதைக் ‘கள்ளப் பிரக்ஞை’ என்று பொருள் வரும்படி ஆங்கிலத்தில் மாற்றுகிறது. மார்பகப் புற்றுநோய் ‘நெஞ்சகப் பேராபத்து’ ஆகிறது. பாலில் உள்ள லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாமைக்கு ஆங்கிலத்தில் ‘இன்டாலரன்ஸ்’ என்பார்கள். அதன் இன்னொரு பொருள் சகிப்பின்மை. உடனே ‘லாக்டோஸ் மதவெறி’! இவையெல்லாம் ஆய்விதழ்களில் அச்சேறிய தொடர்கள்.

இப்படி ஒவ்வொன்றாக அப்பாவுக்குப் படித்துக்கொண்டே வந்தபோது பட்டியலில் அடுத்து இருந்தது ‘கிட்னி டிஸ்அப்பாயின்ட்மென்ட்’. கிட்னி ஃபெயிலியருக்கு அந்த சாஃப்ட்வேர் கண்டுபிடித்த மாற்றுச்சொல். சிறுநீரகச் செயலிழப்பு, சிறுநீரக ஏமாற்றமாகிவிட்டது.

அந்த இடத்தில் அதை வாசிக்கலாமா என்று ஒரு கணம் நாக்கு தயங்கியது. அவர் விடவில்லை. “என்ன, நிறுத்திட்ட?” சொன்னேன்.

அப்பா மெஷினைப் பார்த்தார். அவருடைய ரத்தம் சிவப்புக் குழாய்களில் போய் வந்துகொண்டிருந்தது. “இதுல என்னம்மா தப்பு? கிட்னி என்னை ஏமாத்திருச்சு. கரெக்டாத்தானே போட்டிருக்கான்!” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்து, அழுகையும் வந்தது. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது வேறொன்று உறுத்தியது. ‘சிறுநீரக ஏமாற்றம்’ என்று எழுதி அனுப்பியவர் அந்த வரியைத் தானே ஒருமுறை படித்திருந்தால் அதை அனுப்பியிருக்க மாட்டார். அதைப் பரிசீலித்தவர் படித்திருந்தால் அது வெளிவந்திருக்காது. சொல்லே இப்படி என்றால், அதற்குக் கீழே உள்ள அட்டவணையில் இருக்கும் எண்கள் யாருடையவை? டாக்டர்கள் ஒரே ஒரு கட்டுரையைப் பார்த்து மருந்து எழுதுவதில்லை. நிறையக் கட்டுரைகளைச் சேர்த்துத் தொகுத்து, அதிலிருந்து ஒரு வழிமுறை உருவாகிறது. அந்தக் குவியலுக்குள் இந்த மாதிரி நான்கு போய் விழுந்தால்? அப்பாவுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மருந்து என்று தீர்மானிக்கும் கணக்குக்கு அடியில் யாரோ, எப்போதோ, எதையோ ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும் என்றுதானே நாம் நம்பி உட்கார்ந்திருக்கிறோம்.

அடுத்த சனிக்கிழமை அதையே அப்பாவிடம் சொன்னேன். “ப்ரூஃப் ரீடரை நிறுத்திட்டா இப்படித்தான்” என்றார். எங்கள் அச்சகத்திலும் கம்ப்யூட்டர் வந்ததும் முதலில் போனது அந்த வேலைதான் என்பது அவருக்கு மறக்கவில்லை. அது பழைய வருத்தம், விட்டுவிடுவோம்.

அவருக்கு ஒரு பரீட்சை வைத்தேன். பல ஆய்வுக் கட்டுரைகளில் ‘வெஜிடேட்டிவ் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’ என்று ஒரு தொடர் வருகிறது, அப்படி ஒரு கருவியே உலகத்தில் கிடையாது, எப்படி வந்திருக்கும் என்று கேட்டேன்.

“வெஜிடேரியன் மைக்ராஸ்கோப்பா? சைவமா?”

“விளையாடாதீங்கப்பா.”

கொஞ்ச நேரம் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ரெண்டு காலமா அச்சடிச்ச பக்கமா?” என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. விஞ்ஞானத் துப்பறிவாளர்கள் சொன்னதும் அதுவேதான். 1959-ல் பாக்டீரியா பற்றி வந்த ஒரு கட்டுரை, பக்கத்துக்கு இரண்டு காலமாக அச்சாகியிருந்தது. இடது காலத்தின் ஒரு வரியில் ‘வெஜிடேட்டிவ்’ என்ற சொல் இருக்கிறது. அது வளரும் நிலையிலுள்ள செல்லைக் குறிப்பது. அதே உயரத்தில் வலது காலத்தில் ‘எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பி’. பல காலம் கழித்து இதை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, நடுவில் உள்ள இடைவெளி தெரியாமல் இரண்டையும் சேர்த்துப் படித்துவிட்டது மெஷின். இன்னொரு வழியும் சொல்கிறார்கள். பாரசீக மொழியில் ‘ஸ்கேனிங்’ என்பதற்கும் ‘வெஜிடேட்டிவ்’ என்பதற்கும் எழுத்தில் வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. ஸ்கேனிங் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்பது நிஜமான கருவி. மொழிபெயர்ப்பில் புள்ளி மாறி சைவமாகிவிட்டது. நல்வரவு நல்லரவு ஆனதுபோல. இருபதுக்கும் மேற்பட்ட கட்டுரைகளில் அந்தத் தொடர் இருக்கிறது. இப்போது ஏ.ஐ. சாஃப்ட்வேர்களும் அதைப் படித்துக் கற்றுக்கொண்டு, கேட்டால் தாங்களாகவே எழுதிக் கொடுக்கின்றனவாம். கம்பாசிட்டர் பிழைக்குச் சாகாவரம்.

2024 பிப்ரவரியில் ஓர் ஆய்விதழில் வந்த எலிப் படத்தையும் சொல்லியாக வேண்டும். ஏ.ஐ. வரைந்த படம். அந்த எலியின் ஓர் உறுப்பு அதன் உடம்பைவிடப் பெரியது. குடும்பப் பத்திரிகையில் இதற்குமேல் வர்ணிக்க முடியாது. பாகங்களைக் காட்டும் அம்புக்குறிகளில் எந்த மொழியிலும் இல்லாத சொற்கள். ஒரே ஓர் அம்புக்குறி மட்டும் சரியாக, ‘எலி’ என்று எலியைக் காட்டியது. மூன்றே நாளில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், உலகமே சிரித்த பிறகு. அடுத்த மாதம் பேட்டரி பற்றிய ஒரு கட்டுரையின் முதல் வரியே, ‘நிச்சயமாக, உங்கள் தலைப்புக்கு ஒரு முன்னுரை இதோ’ என்று ஆரம்பித்தது. அது ஏ.ஐ. சொன்ன பதில். நகலெடுத்து ஒட்டியவர்கள் முதல் வரியைக்கூடப் பார்க்கவில்லை. அப்பா இதற்குச் சிரிக்கவே இல்லை. முதல் வரியில் பிழை விடுவது அவருக்கு நகைச்சுவைக்கு அப்பாற்பட்ட விஷயம்.

சாக்லேட் கதைக்கு வருகிறேன். 2015-ல் ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் ஜெர்மனியில் ஒரு சோதனை நடத்தினார். சுமார் பதினைந்து பேர். சிலருக்கு டயட், சிலருக்கு டயட்டுடன் தினமும் சாக்லேட். எடை, கொலஸ்ட்ரால், தூக்கம் என்று 18 விஷயங்களை அளந்தார்கள். இத்தனை குறைவான ஆட்களிடம் இத்தனை விஷயங்களை அளந்தால், ஏதாவது ஒன்றாவது தற்செயலாகவே வித்தியாசம் காட்டும். பதினெட்டு லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. விழுந்தது எடைக்கு. ‘சாக்லேட் சாப்பிட்டால் எடை சீக்கிரம் குறையும்’ என்று எழுதி, காசு கொடுத்தால் வெளியிடும் ஓர் இதழில் போட்டார். பல நாட்டுப் பத்திரிகைகள் செய்தி வெளியிட்டன. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள் என்று கேட்காமலேயே பலர் எழுதினார்கள். பிறகு அவரே, எல்லாம் வேண்டுமென்றே செய்தது என்று உடைத்தார்.

இது என்னவோ ஜெர்மனியில் நடந்தது என்று விட முடியவில்லை. போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அத்தை மகன் ஒரு ஃபார்வர்டு போட்டார். தினமும் காலையில் வெறும் வயிற்றில் இளநீர், 21 நாளில் கிட்னி புதுசாகிவிடும், டயாலிசிஸே தேவையில்லை, அமெரிக்க ஆராய்ச்சியில் நிரூபணம். ‘மாமாவுக்காக’ என்று பாசமாக ஒரு வரி வேறு. இளநீரில் பொட்டாசியம் அதிகம். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். அப்பா மாதிரி உள்ளவர்களுக்கு அது ரத்தத்தில் சேர்ந்து இதயத்தையே நிறுத்திவிடலாம். வார்டில் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

நான் காரமாகப் பதில் அடிக்க ஆரம்பித்தேன். அப்பா தடுத்தார். “மாப்பிள்ளை மனசு நோகும். எந்த ஆராய்ச்சின்னு மட்டும் பாரு.” பார்த்தேன். ஆள் பெயர் இல்லை, ஊர் இல்லை, வருடம் இல்லை. “இளநீர் எனக்கு ஆகாது மாப்ள, டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார். பொட்டாசியம் ஏறி உயிருக்கே வந்துரும். இதை வேற யாருக்கும் அனுப்பாதீங்க” என்று தன்மையாக ஒரு பதில் போடச் சொன்னார். போட்டேன். பிறகு சும்மா இருக்கும் வலது கையை நீட்டி என் போனை வாங்கிக்கொண்டு, ஒற்றை விரலால் கால் மணி நேரம் தட்டினார்.

‘எச்சரிக்கை! டைஹைட்ரஜன் மோனாக்சைடு என்ற ரசாயனம் நம் வீடுகளில் கலந்துள்ளது. நிறமோ மணமோ இல்லை. நுரையீரலுக்குள் போனால் மரணம். இது பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?’ என்று போட்டார். ஒரு பிழை இல்லை, ஒற்று மிகுந்த இடங்கள்கூடச் சரியாக இருந்தன.

பத்து நிமிடத்தில் கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. இரண்டு பேர் ‘ஷேர் பண்ணிட்டேன்’ என்றார்கள். சித்தி ஒருத்தி, “நம்ம பால்காரர் ஊத்துற பால்ல இது இருக்குமா அத்தான்?” என்று கேட்டாள். அப்பா, “நிறைய இருக்கும்மா, அதுல சந்தேகமே வேண்டாம்” என்று பதில் போட்டார். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெரியப்பா பேத்தி மட்டும், “தாத்தா, இது தண்ணிதானே?” என்று எழுதினாள்.

அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஷேர் பண்ணிய இரண்டு பேருக்கும் போன் போட்டு விஷயத்தைச் சொல்லி, அனுப்பிய இடத்திலெல்லாம் அழிக்கச் சொன்னார். பேத்திக்கு நூறு ரூபாய் ஜீபே செய்ய வைத்தார்.

அத்தை மகன் எங்கள் விளக்கத்துக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு, அன்று ராத்திரியே அடுத்த ஃபார்வர்டை அனுப்பினார். சாக்லேட் சாப்பிட்டால் எடை குறையுமாம்.